இருபத்தாறே முக்கால் டாலர்

(புல்வெளி வேந்தர்கள்: அத்தியாயம் 9)

மொன்டானாப் புல்வெளிகளில் எஞ்சியிருந்த வடபுலக் காட்டெருமை மந்தை 1883-ஆம் ஆண்டோடு அழிந்துபோன வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலும் தோல் வேட்டைக்காரர்கள், வழக்கம்போல் தோட்டாவும் மாவும் கடனுக்கு வாங்கி வண்டியேற்றிக்கொண்டு, மந்தை வடக்கே கனடாவுக்குப் போயிருக்கிறது, பனி விழுந்ததும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையோடு புறப்பட்டார்கள். மந்தை திரும்பவில்லை. போக ஒரு மந்தையே இல்லை என்பதை அவர்கள் உணர்வதற்குள் பலர் கடனாளிகளாகிவிட்டார்கள். பின்னர் அதே வெளிகளில் வெயிலில் வெளுத்துக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி, உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிக்கும் ஆலைகளுக்கும் வண்டி வண்டியாக அனுப்பிப் பிழைத்தவர்களும் உண்டு.

இந்த மகா நாசத்துக்குக் கணக்கு எழுதியவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே. இவர் தமிழ்நாட்டுக்கு அறவே அந்நியர் அல்லர். இளமையில் அமெரிக்கக் கண்காட்சிச் சாலைகளுக்கு மிருகங்களின் தோலும் எலும்புக்கூடும் சேகரித்து அனுப்பும் உத்தியோகத்தில், 1870-களின் பிற்பகுதியில், நம் ஆனைமலைக் காடுகளில் துப்பாக்கியோடு அலைந்து யானையையும் புலியையும் காட்டியையும் சுட்டவர். அந்த அனுபவங்களை 1885-இல் ஒரு பெரிய நூலாகவும் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வாஷிங்டன் தேசியப் பொருட்காட்சிச் சாலைக்காகக் காட்டெருமை தேடி மொன்டானாவுக்குப் போனபோதுதான், பாடம் செய்து வைப்பதற்கு ஓர் இருபது உருப்படி கிடைப்பதே பிரயாசையாகிவிட்டதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். கிடைத்தவற்றைச் சுட்டுக்கொண்டுதான் திரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழியப்போகும் ஜாதியின் உருவமாவது கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கட்டும் என்பது அக்காலத்து விஞ்ஞானிகளின் நியாயம். 1889-இல் அவர் பிரசுரித்த அறிக்கையின்படி உலகில் எஞ்சியிருந்த அமெரிக்கக் காட்டெருமைகள் மொத்தம் 1,091. கனடாவின் வட காடுகளில் சுமார் 550. கூண்டிலும் பட்டியிலும் 256. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எந்தப் பாதுகாப்பும் இன்றித் திரிந்தவை 85. மிச்சம் 200 எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், சர்க்காரின் பாதுகாப்பில் இருப்பதாக அவர் எழுதினார்.

சர்க்காரின் பாதுகாப்பு என்பது எத்தகையது என்று அறிந்தவர்களுக்கு அந்த வார்த்தை நகைப்பையே தந்திருக்கும். எல்லோஸ்டோன் பிரதேசத்தைப் பூங்காவாக ஒதுக்கிய சட்டத்தில் ஜனாதிபதி கிராண்ட் 1872-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி கையெழுத்திட்டார். அந்தச் சட்டம், மீனையும் மிருகங்களையும் வீணாக அழிப்பதைத் தடுக்க உள்துறைக் காரியதரிசி விதிகள் செய்வார் என்று கூறிற்றே ஒழிய, விதியை மீறியவனுக்கு என்ன தண்டனை, அவனை விசாரிப்பது யார், அடைப்பது எங்கே என்பதைப் பற்றி ஓர் எழுத்தும் கூறவில்லை. பின்னால் 1883-இல் வேட்டையே கூடாதென்று விதி வந்தது. அப்பொழுதும் மீறியவனைப் பிடித்தால் அவன் கையிலிருக்கும் சாமான்களைப் பறிமுதல் செய்து, பூங்காவின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடலாம். அதிகாரிகளின் கைக்கு எட்டிய தண்டனை அவ்வளவுதான். எல்லைக்கு வெளியே விடப்பட்டவன் மறுபக்கம் சுற்றிக்கொண்டு உள்ளே வர எத்தனை நேரம் ஆகும்?

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தண்டிக்க மத்திய சர்க்காருக்குச் சட்டம் இல்லாத குறையை நிரப்ப எண்ணி, 1884-இல் வயோமிங் பிரதேசச் சட்டசபை தன் சட்டங்களைப் பூங்காவுக்கும் விஸ்தரித்து, அங்கே நியாயாதிபதிகளையும் நியமித்தது. அந்த நியாயாதிபதிகளின் கண்ணில் 1885-இல் ஒரு சுற்றுலாக் கோஷ்டி பட்டது. அணைக்காமல் விட்டுப்போன அடுப்புக்காக அதில் ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள். அவரோ இல்லினாயைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பேசன். தாமே முன்னர் நீதிபதியாக இருந்தவர். உடன் வந்திருந்தவர்களில் சிக்காகோவின் பெரிய பத்திரிகையைச் சேர்ந்தவரும் ஒருவர். எழுந்த கூச்சலில் வயோமிங் தன் சட்டத்தை 1886 மார்ச்சில் ரத்து செய்துகொண்டது. பூங்கா நிர்வாகத்துக்குப் பணம் ஒதுக்கவும் காங்கிரஸ் மறுக்கவே, அவ்வாண்டு ஆகஸ்டில் ராணுவத்தின் குதிரைப்படை வந்து காவலை ஏற்றது. அதுமுதல் முப்பது ஆண்டுக்குமேல் இந்தப் பூங்காவின் அதிபர்கள் பெரும்பாலும் குதிரைப்படைக் காப்டன்களே. அவர்களிடம் ஆள் இருந்தது, ஒழுங்கு இருந்தது, பனியிலும் ரோந்து சுற்றும் மனம் இருந்தது. சட்டந்தான் இல்லை.

சட்டம் கொண்டுவர யாரும் முயலவில்லை என்று கருதிவிடக் கூடாது. மிசோரி மாகாணத்து செனட்டர் ஜார்ஜ் வெஸ்ட் ஆண்டுதோறும் மசோதா கொண்டுவந்தார். செனட் சபையும் அதைப் பலமுறை நிறைவேற்றி அனுப்பிற்று. ஆனால் பூங்காவின் வடகிழக்கு மூலைக்கு அப்பால் குக் சிட்டி என்றொரு சுரங்க ஊர் இருந்தது. அங்கே உள்ள தாதுவைக் கொண்டுவரப் பூங்காவை ஊடுருவி ரயில் பாதை போடவேண்டுமென்று ஒரு கூட்டம் தலைநகரில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. பிரதிநிதிகள் சபையில் மசோதா வந்து சேர்ந்தால், ரயிலுக்கு வழிவிடும் ஷரத்தையும் அதோடு சேர்த்தாலன்றி நகர விடமாட்டோம் என்பார்கள் இவர்கள். ரயிலோடு வரும் பாதுகாப்பு வேண்டாம் என்பார்கள் பூங்காவின் நண்பர்கள். இப்படி ஒரு மாமாங்கம் கழிந்தது.

அந்த நண்பர்களில் முதல்வர் ஜார்ஜ் பேர்ட் கிரினல். நியூயார்க்கின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, ஏல் சர்வகலாசாலையில் பழம்பிராணி எலும்புகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர்; 1874-இல் கஸ்டர் தளகர்த்தரின் பிளாக் ஹில்ஸ் யாத்திரையிலும், மறு ஆண்டு எல்லோஸ்டோன் சென்ற ஒரு ராணுவக் குழுவிலும் இயற்கை ஆராய்ச்சியாளராகப் போனவர். அந்த இரண்டாம் பயணத்தின் அறிக்கையிலேயே, தோலுக்காகப் பூங்காவில் நடக்கும் கொலையை அதிகாரிகள் தடுக்க வேண்டுமென்று எழுதிவைத்தார். 1880 முதல் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்னும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவர். அதன் வாசகர்கள் ஜீவகாருண்ய சங்கத்தார் அல்லர். துப்பாக்கியும் தூண்டிலும் பிடித்த கனவான்கள். வாத்து வேட்டைக்கு எந்த நாய் உகந்தது என்று தெரிந்துகொள்ளச் சந்தா கட்டியவர்கள். வட அமெரிக்காவில் வனவிலங்குப் பாதுகாப்பு என்ற இயக்கம் வேட்டைக்காரர்களின் கூடத்தில் பிறந்தது என்பது நமக்கு முரணாகத் தோன்றலாம்; ஆனால் மிருகம் குறைவதை முதலில் கண்டுகொண்டவன் அதைத் தேடிப் போனவனே அல்லவா?

தியோடர் ரூஸ்வெல்ட் என்ற இளைஞர் 1885-இல் எழுதிய வேட்டை நூலுக்கு இந்தப் பத்திரிகையில் மதிப்புரை எழுதிய கிரினல், பாராட்டோடு, கேள்விப்பட்ட கதைகளை ஆசிரியர் உண்மையென நம்பிவிட்டார் என்று ஒரு குட்டும் வைத்தார். ரூஸ்வெல்ட் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து நியாயம் கேட்டார். பேசப் பேசக் கோபம் ஆறி, இருவரும் மேற்கு நாட்டில் மிருகங்கள் மறைந்துவரும் வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள். அந்தச் சந்திப்பில் முளைத்த நட்பே 1887 டிசம்பரில் ‘பூன் அண்ட் கிராக்கெட்’ சங்கமாயிற்று. செல்வாக்குள்ள வேட்டைக்காரர்களின் சிறு சபை. ஆனால் தலைநகரில் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கும் கைகள் அதில் இருந்தன.

1894-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், எல்லோஸ்டோனில் எஞ்சிய மிருகங்களைக் கண்ணால் கண்டு எண்ணிவர எமர்சன் ஹஃப் என்ற நிருபரைக் கிரினல் அனுப்பினார். வழிகாட்டியாகப் பூங்காவைக் கையிற்கோடு போல் அறிந்த பில்லி ஹோபரும், படம் பிடிக்க ஹெய்ன்ஸ் என்பவரும் உடன் சேர்ந்தார்கள். ஆளுயரப் பனியில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு நாள்முழுதும் நடக்கும் பிரயாணம் அது. அவர்கள் புறப்பட்ட அதே நாட்களில், பூங்காவின் ஏரிக்கு வடக்கே உள்ள பெலிக்கன் பள்ளத்தாக்கில் இன்னொருவனும் தன் வேலையில் ஈடுபட்டிருந்தான்.

எட்கர் ஹாவெல் என்பது அவன் பெயர். குக் சிட்டியிலிருந்து, மாதக்கணக்கில் தங்குவதற்கு வேண்டிய சாமான்களைச் சறுக்குவண்டியில் ஏற்றித் தானே இழுத்துக்கொண்டு மலை தாண்டி வந்து, ஒரு கூம்புக் கூடாரம் அடித்து, நாய் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன்னந்தனியாக இருந்தான். பெலிக்கன் பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் சூட்டால் அங்கங்கே பனி இளகியிருக்கும். அந்த இடங்களை நாடிக் காட்டெருமைகள் கூடும். மற்ற இடத்தில் ஆழ்ந்த பனியில் கால் புதைந்து அவை ஓட முடியாமல் தத்தளிக்கும். ஹாவெலுக்கு வேண்டியது இறைச்சியும் அல்ல, தோலும் அல்ல, தலைகள். காட்டெருமை அருகிப்போன செய்தி நாடெங்கும் பரவப் பரவ, பணக்காரர் மாளிகைச் சுவரில் மாட்டும் பாடம் செய்த தலையின் விலையும் நூற்றுக்கணக்கான டாலராக ஏறிவிட்டிருந்தது. ஒரு ஜாதி அழிவதே அதன் கடைசி உறுப்பினர்களைக் கொல்வதற்குரிய கூலியை உயர்த்திவிட்டது. கனவான் வேட்டைக்காரர்களின் வரவேற்பறைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைக் கிரினலின் வாசகர்கள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ!

மார்ச் 13-ஆம் தேதி. பீலிக்ஸ் பர்ஜஸ் என்ற ராணுவச் சாரணன், ஒரு சார்ஜன்ட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் ரோந்து வந்தவன், பனியில் சறுக்குவண்டித் தடம் கண்டு பின்தொடர்ந்தான். ஒரு மரத்தில் சாக்கில் சுற்றிக் கட்டித் தொங்கவிடப்பட்ட காட்டெருமைத் தலைகள் முதலில் தென்பட்டன, பின்னர் கூடாரம், சிறிது நேரத்துக்கெல்லாம் தொலைவில் அடுத்தடுத்து வெடியோசை. மரவரிசையின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால், எதிரே திறந்த பனிவெளி. அதன் நடுவே விழுந்து கிடக்கும் காட்டெருமைகள். அவற்றில் ஒன்றின்மீது குனிந்து ஒருவன் தோலுரித்துக்கொண்டிருந்தான். இடைவெளி ஏறக்குறைய 400 கஜம், மறைந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. அவனிடம் நீண்ட துப்பாக்கி இருக்கும். பர்ஜஸின் இடுப்பில் இருந்ததோ ஒரு ரிவால்வர்.

பர்ஜஸ் புறப்பட்டான். காற்று எதிரியின் பக்கமிருந்து இவன் முகத்துக்கு வீசிற்று. அதனால் காட்டெருமையின் காலுக்கடியில் சுருண்டு கிடந்த நாய்க்கு மோப்பம் கிடைக்கவில்லை, பலகைகள் பனியை அரைக்கும் ஓசையும் எட்டவில்லை. வழியில் பத்தடி அகலமுள்ள ஒரு பள்ளம் குறுக்கிட்டது. சறுக்குப் பலகைகளோடு எப்படித் தாண்டினேன் என்று தனக்கே தெரியாது என்று பின்னர் சொன்னான். ஹாவெலின் தலையில் இருந்த அகன்ற விளிம்புத் தொப்பி கண்களை மறைத்துத் தொங்கிற்று; கைகள் வேலையில் ஆழ்ந்திருந்தன; துப்பாக்கியை ஐந்தாறு கஜத்துக்கு அப்பால் இன்னோர் உடலின்மீது சாய்த்து வைத்திருந்தான். அந்தத் துப்பாக்கிக்கும் அவனுக்கும் இடையில் போய் நின்றுகொண்டு, கையைத் தூக்கு என்று பர்ஜஸ் குரல் கொடுத்தபோதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். முதலில் அவனுக்கு வந்த ஆத்திரம் குரைக்காத நாயின்மேல்! அதை அங்கேயே கொன்றுவிடப் போனவனைச் சாரணன் தடுக்க வேண்டியிருந்தது. பழைய அமெரிக்க இந்தியர் பகையொன்றில் முன்பே இரு விரல்களை இழந்திருந்த பர்ஜஸின் காலில், இன்னொரு விரலை இந்தப் பயணத்தின் உறைபனி கொண்டுபோயிற்று.

ஏரிக்கரை விடுதியின் தொலைபேசியிலிருந்து பூங்காவின் அதிபர் காப்டன் ஜார்ஜ் ஆண்டர்சனுக்குச் செய்தி போயிற்று. கைதியை நடத்திக்கொண்டு வந்த காவலருக்கு ஹஃப் கோஷ்டி வழியிலேயே எதிர்ப்பட்டது. ஒரு பத்திரிகை நிருபனுக்குப் பூர்வ புண்ணியத்தால் மட்டுமே வாய்க்கக்கூடிய சந்திப்பு! ஹாவெல் சிறிதும் கலங்கவில்லை. காலுக்குச் சரியான ஜோடில்லாமல் சாக்குத் துணி சுற்றியிருந்தவன், விடுதியில் காலை ஆகாரமாக 24 மாவப்பங்களைத் தின்று தீர்த்தான். கணக்கும் அவனே சொன்னான்: இந்தப் பயணத்தில் தனக்கு வரக்கூடிய லாபம் 2,000 டாலர், பிடிபட்டதால் பறிபோகும் சாமான்களின் மதிப்பு 26 டாலர் 75 சென்ட்.

சட்டம் உண்மையில் அப்படித்தான் இருந்தது. கோட்டைக் காவற்கூடத்தில் சில வாரங்கள் வைத்திருந்து, வழக்குத் தொடர வழியில்லாமல் அவனை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு மாமாங்கமாகச் செனட்டர்களின் பிரசங்கங்கள் விளக்க முடியாததை ஹாவெலின் வாய்க்கணக்கு விளக்கிவிட்டது என்பதைக் கிரினல் உடனே கண்டுகொண்டார். ஹஃப் தந்தியில் அனுப்பிய செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. வாசகர் ஒவ்வொருவரும் தம் தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதவேண்டுமென்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். வெட்டுண்ட தலைகளோடு ராணுவத்தார் நிற்கும் படங்கள் பின்தொடர்ந்தன. தற்செயல்தான் ஹாவெலையும் ஹஃபையும் ஒரே பாதையில் கொண்டுவந்து நிறுத்திற்று என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அது சரியே, ஆயினும், எந்தக் காங்கிரஸ் உறுப்பினர் எந்தப் பக்கம், ரயில்காரர்கள் எங்கே குறுக்கிடுவார்கள், எந்த ஷரத்து இருந்தால் போதும் என்பதையெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படித்துவைத்திருந்த ஒரு மனிதர் நியூயார்க்கில் இல்லாதிருந்தால், அந்தத் தந்தி ஒரு வாரத்துப் பரபரப்போடு முடிந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

ஹாவெல் பிடிபட்டுப் பதின்மூன்றாம் நாள், மார்ச் 26-இல், அயோவா மாகாணத்துப் பிரதிநிதி ஜான் லேசி மசோதாவைச் சபைமுன் வைத்தார். லேசி உள்நாட்டு யுத்தத்தில் போரிட்டவர், வக்கீல். சட்டமற்ற பூங்கா என்பதன் பொருளை அவர் நேரிலேயே அறிந்திருந்தார். 1887-இல் எல்லோஸ்டோனில் கொள்ளைக்காரர்கள் மறித்துப் பணம் பறித்த குதிரைக்கோச்சில் அவரும் ஒரு பிரயாணி. ரயில்காரர்களுக்கு வாய் திறக்க அவகாசம் கிடைக்குமுன் மசோதா இரு சபைகளையும் கடந்தது; மே 7-ஆம் தேதி ஜனாதிபதி கிளீவ்லாந்து கையெழுத்திட்டார். பூங்காவில் பறவையையோ விலங்கையோ கொன்றால் ஆயிரம் டாலர்வரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்; துப்பாக்கி, கண்ணி, குதிரை எல்லாம் பறிமுதல்; கொன்ற உடலைக் கையில் வைத்திருப்பதே குற்றத்துக்குச் சான்று; அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரனும் குற்றவாளி. யாவற்றிலும் மேலாக, பூங்காவிலேயே குடியிருந்து விசாரிக்க ஒரு கமிஷனர். அப்பதவிக்கு முதலில் வந்த ஜான் மெல்ட்ரம் 1935 வரையில் அங்கேயே நீதி செலுத்தினார்.

ஹாவெல் அவ்வாண்டுக் கோடையில் திரும்பி வந்தான். வெளியேற்றப்பட்டவன் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பது விதி. மாமத் விடுதியின் நாவிதர் நாற்காலியில் ஆறுதலாகச் சாய்ந்திருந்தவனை ஆண்டர்சன் கண்டுவிட்டார். தான் செய்த குற்றத்தால் பிறந்த சட்டத்தின்கீழ் முதலில் கைதானவன் என்ற பெருமை இப்படி அவனுக்கே கிட்டியது. மனித சுபாவத்தின் விசித்திரத்தைச் சொல்லவேண்டுமானால், மூன்று ஆண்டு கழித்து, 1897-இல், பூங்காவில் கோச்சு மறித்த திருடர்களைத் துப்புத் துலக்க இதே ஹாவெலை ராணுவம் கூலிக்கு அமர்த்தியது. பனியையும் மலையையும் அவனைப்போல் அறிந்தவர் வேறு யார்?

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் பேசாமல் போவது நேர்மையாகாது. மந்தை ஒழிந்தபின் வந்த 1883-84 குளிர்காலத்தில், காட்டெருமையையே உணவாகவும் உடையாகவும் கொண்டிருந்த பிளாக்ஃபீட் மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியால் மாண்டார்கள். வாஷிங்டனில் அதற்காக எந்த மசோதாவும் பதின்மூன்று நாளில் வந்துவிடவில்லை. எல்லோஸ்டோனின் உயர்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஷோஷோனி வகுப்பார், பூங்கா அமைந்த பத்தாண்டுக்குள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டார்கள். கிரினல் இந்த மக்களின் நண்பர். அவர்களுடைய கதைகளைத் தொகுத்து நூல்கள் எழுதியவர். ஆயினும் 1895-இல் பிளாக்ஃபீட் மக்கள் தங்கள் மலைத்தொடரை சர்க்காருக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த மூவரில் அவரும் ஒருவர். அந்த நிலம் பின்னர் கிளேசியர் தேசியப் பூங்காவின் பகுதியாயிற்று. அவரை மாசற்ற மகாபுருஷராக வருணிக்கும் நூல்களைப் படிக்கும்போது இந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

சட்டம் வந்ததும் திருட்டு வேட்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. தலையின் விலை இறங்கவில்லை. எல்லையோரத்து ஊர்களில் ஹாவெலைப் போன்றவர்கள் மேலும் பலர் இருந்தார்கள். கடுங்குளிரும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1902-இல் எண்ணியபோது, ஹார்னடே 200 என்று எழுதிய இடத்தில் இரண்டு டஜனுக்கு மேல் தேறவில்லை. அவ்வாண்டு காங்கிரஸ் 15,000 டாலர் ஒதுக்கி, வெளியிலிருந்து காட்டெருமைகளை விலைக்கு வாங்கிப் பூங்காவில் விட முடிவு செய்தது. விற்க முன்வந்தவர்கள் இருவகையார்: மொன்டானாவில் பாப்லோ, அல்லார்டு என்பவர்கள் வளர்த்த மந்தையின் சொந்தக்காரர்கள், டெக்ஸாஸில் குட்நைட் என்ற மாட்டுப்பண்ணை முதலாளி. வாங்கி வந்து வளர்க்க நியமிக்கப்பட்டவரோ, தம் வாலிபத்தில் ஆயிரக்கணக்கில் காட்டெருமைகளைச் சுட்டுத் தோல் விற்ற சார்லஸ் ஜெஸி ஜோன்ஸ். அவருடைய கதை அடுத்த அத்தியாயத்தில்.